சட்டை உரியாத பாம்பு: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: ஓசூரில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். பால் பைத்தான் (Ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகையில் இரண்டு வயதான ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து வருகிறேன். இதுவரை சட்டையை ஒரே துண்டாகக் கழற்றி வந்த அது, இந்தத் தை மாதத்தில் துண்டுதுண்டாகக் கிழித்துப் போட்டது. முதுகில் திட்டுத்திட்டாகப் பழைய தோல் ஒட்டியிருக்கிறது. வால் நுனியிலும் வலது கண்ணிலும் உரியவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து உரிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். கண்ணில் செல்லோடேப்பை ஒட்டி இழுத்தால் வந்துவிடும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? (வாசகர், ஓசூர்)

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். செல்லோடேப் யோசனை மிகவும் ஆபத்தானது என்பதால் கண்ணிலிருந்தே தொடங்குகிறேன். பாம்புக்கு இமை கிடையாது. ஒளி ஊடுருவும் ஒரு செதில் அதன் கண்ணை நிலையாக மூடியிருக்கிறது. சட்டை கழலும்போது அந்தச் செதிலின் மேலடுக்கும் சேர்ந்து கழன்று வர வேண்டும். வராமல் தங்கிவிட்ட மேலடுக்கை நகத்தாலோ சாமணத்தாலோ டேப்பாலோ இழுத்தால், அதன் அடியில் இருக்கும் புதிய செதிலும் சேர்ந்து பிய்ந்து வரக்கூடும். அப்படி வந்துவிட்டால் கண் வறண்டு, நோய்த்தொற்று ஏற்பட்டு, பார்வையே போய்விட வாய்ப்புண்டு.

கண்ணில் உண்மையிலேயே பழைய அடுக்கு தங்கியிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கழற்றிப் போட்ட சட்டையின் தலைப்பகுதி கிடைத்தால், அதைத் தண்ணீரில் நனைத்துச் சுருக்கம் எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் வட்டமான, தெளிவான சிறு வில்லை ஒன்று தெரிந்தால் அடுக்கு கழன்றுவிட்டது என்று பொருள். அங்கே வெறும் ஓட்டை மட்டும் இருந்தால் அது பாம்பின் கண்ணிலேயே இருக்கிறது. உடலில் நீர்ச்சத்து குறைந்த பாம்புகளின் கண் மேற்பரப்பு குழிந்து, சுருங்கித் தெரிவதும் உண்டு. அதைப் பழைய தோல் என்று தவறாக எண்ணி உரிக்கப் போய்க் கண்ணைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அடுக்கு தங்கியிருப்பது உறுதியானாலும் பதற வேண்டியதில்லை. தொட்டியின் ஈரப்பதத்தைச் சரிசெய்தால், பெரும்பாலும் அடுத்த முறை சட்டை உரிக்கும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்தே வந்துவிடும். அப்போதும் வராவிட்டாலோ, கண் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவசரம் கண்ணில் இல்லை, வாலில்தான் இருக்கிறது. வால் நுனியில் தங்கும் தோல் காய்ந்து சுருங்கி வளையமாக இறுகும். அதன் மேல் அடுத்த சட்டையின் வளையமும் சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு, நுனி கறுத்து, உலர்ந்து உதிர்ந்தே போய்விடும். எனவே முதுகுத் திட்டுகளுக்கும் வாலுக்கும் இன்றே ஊறவைக்கும் முறையைத் தொடங்குங்கள். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 28 முதல் 30 டிகிரி வரை வெப்பமுள்ள தண்ணீரை, பாம்பின் உடல் தடிமனில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, அதில் 20 முதல் 30 நிமிடம் பாம்பை விடுங்கள். அந்த நேரம் முழுவதும் பக்கத்திலேயே இருங்கள். கையை விட்டுப் பார்த்தால் இந்தத் தண்ணீர் நமக்குச் சூடாகவே தெரியாது. அதுதான் சரியான பதம். நம் கைக்கு இதமாக இருக்கும் வெந்நீர் பாம்புக்கு மிகை. பிறகு நனைத்துப் பிழிந்த பூத்துவாலை ஒன்றை இரு கைகளாலும் தளர்வாகப் பிடித்து, பாம்பு தானாகவே அதனூடே ஊர்ந்து செல்லும்படி விட்டால், ஊறிய தோல் துவாலையின் சொரசொரப்பில் சிக்கி உருண்டு வந்துவிடும். வால் நுனியில் மட்டும் ஈரப் பஞ்சை வைத்து, உடலிலிருந்து நுனியை நோக்கி விரல்களால் மெல்ல நீவிவிடலாம். வராத தோலை வலிந்து இழுக்க வேண்டாம். மறுநாள் மீண்டும் ஊறவையுங்கள்.

எண்ணெயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தலைவலி முதல் கால் ஆணி வரை எண்ணெய்தான் நம் வீடுகளின் முதல் மருந்து என்பதால் அந்த நண்பரின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காய்ந்த தோலுக்குத் தேவைப்படுவது நீர். எண்ணெய் மேலே பூச்சாக நின்று நீர் உள்ளே இறங்குவதைத் தடுப்பதோடு, தொட்டியில் பரப்பியிருக்கும் தூளையெல்லாம் செதில்களில் ஒட்டவைத்துவிடும்.

இனி, தை மாதத்தில் மட்டும் இப்படி ஏன் நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே சுரக்கும் நீர்மம்தான் சட்டையைத் தளர்த்தி, மூக்கு நுனியிலிருந்து வால் வரை, காலிலிருந்து கழற்றும் காலுறையைப் போல உட்புறம் வெளியாகத் திரும்பி வரச் செய்கிறது. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் சட்டை கழலும் முன்பே அந்த நீர்மம் உலர்ந்து, பழைய தோல் ஒட்டிக்கொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில், தை மாத இரவுக் காற்று 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குப் போதுமான ஈரமாகத்தான் தோன்றும். ஆனால் குளிருக்குப் பயந்து நீங்கள் போட்டிருக்கும் விளக்கு அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கும்போது, புதிதாக நீராவி எதுவும் சேராததால், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு) ஏறக்குறைய 32 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. பால் பைத்தானுக்குச் சாதாரண நாட்களில் 50 முதல் 60 சதவீதமும், சட்டை உரிக்கும் காலத்தில் 70 சதவீதம் வரையிலும் தேவை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் இந்தப் பாம்பு, வெளியே எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் பகற்பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிப்பது. அங்குள்ள காற்று ஈரமானது. உங்கள் தொட்டியில் அந்த வளைதான் இல்லை.

வளையை நீங்களே அமைத்துவிடலாம். பாம்பு சுருண்டு படுக்கப் போதுமான மூடியுள்ள டப்பா ஒன்றின் பக்கவாட்டில் நுழைவாயில் வெட்டி, வெட்டிய விளிம்பை மழுங்கத் தேய்த்து, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை நிரப்பி, தொட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் வையுங்கள். ஆர்க்கிட் செடிகளுக்கு வைக்கும் அதே பாசி இது. ரோஜாவும் ஜெர்பராவும் விளையும் உங்கள் ஊர் நாற்றங்கால்களில் கேட்டால் கிடைக்கக்கூடும். உரம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். தொட்டியின் வலை மூடியில் மூன்றில் இரண்டு பங்கை மூடிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்றுப் பெரிதாக்கி, தரையில் உப்பு நீக்கிய தென்னை நார்த்தூளைப் பரப்புங்கள். ஈரப்பதமானி ஒன்றை, கண்ணாடிச் சுவரின் உயரத்தில் ஒட்டாமல், பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். மேலே காட்டும் அளவும் கீழே உள்ள அளவும் ஒன்றாக இருப்பதில்லை. அதே வேளையில் தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் சளி நோயும் வரும். தூளின் மேற்பரப்பு உலர்ந்தும், விரலால் கிளறினால் அடியில் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் அதைத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கான விதிகள் 2024இல் வந்து, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு நடைபெறுகிறது. நீங்கள் இன்னும் பதியவில்லை என்றால் மாவட்ட வன அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: பெங்களூரில் படிக்கும் என் மகன் தேர்வு முடியும் வரை பார்த்துக்கொள்ளும்படி தன் கார்ன் ஸ்நேக்கை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறான். ஒரு வாரமாக அதன் நிறம் மங்கி, கண்கள் நீலம் பூத்துவிட்டன, எலிக்குஞ்சையும் தொடவில்லை. கண் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணின் மேலுள்ள பழைய, புதிய அடுக்குகளுக்கு நடுவே நீர்மம் நிறைவதால்தான் அந்த நீலம் தெரிகிறது. சில நாட்களில் கண் மீண்டும் தெளிந்துவிடும். தெளிந்த பின் இரண்டு முதல் நான்கு நாட்களில் பெரும்பாலும் சட்டை உரிந்துவிடும். கண் தெளிந்ததைப் பார்த்து, உரிக்காமலே விட்டுவிட்டதோ என்று பலரும் இந்தக் கட்டத்தில்தான் கலங்குவார்கள். இந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை மங்கலாக இருப்பதால் சாதுவான பாம்பும் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். கையில் எடுக்க வேண்டாம். இரையையும் வைக்க வேண்டாம், அது பட்டினியைத் தாங்கும். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி, மூக்கை உரசித் தோலைக் கிழித்துக்கொள்ளச் சொரசொரப்பான கல் ஒன்றையோ மரக்கட்டை ஒன்றையோ உள்ளே வையுங்கள். கண் தெளிந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் உரியாவிட்டால், ஓசூர் வாசகருக்குச் சொன்னபடி ஊறவைக்கலாம். அதற்குள் உங்கள் மகனே வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வைக்கோல் போர் அடியில் ஒரு சாரை இருக்கிறது. அதன் மேல் தோல் பாதி உரிந்து தொங்குகிறது. பிடித்துத் தண்ணீரில் ஊறவைத்து உதவலாமா? உரிந்த பின் பையன்கள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். (வாசகர், பென்னாகரம்)

பதில்: இரண்டுமே கூடாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், பாதி உரிந்த சாரைக்கு உங்கள் உதவி தேவையில்லை; கல் இடுக்கும் முள்வேலியும் வாய்க்கால் ஈரமும் அதற்குப் போதும். மேலும், சட்டை உரிக்கும் காலத்தில் நிறமும் வரிகளும் மங்கிவிடுவதால், சாரை என்று நாம் நினைப்பது நல்ல பாம்பாக இருந்துவிடவும் கூடும். அனுபவமுள்ளவர்களே தடுமாறும் நேரம் அது. பையன்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வனத்துறைக்கோ 101இல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

கேள்வி: என் பால் பைத்தானுக்கு ஈரப் பெட்டி, பாசி, ஈரப்பதமானி எல்லாம் வைத்திருக்கிறேன், அளவு 60 சதவீதத்துக்குக் குறைவதில்லை. ஆனாலும் மூன்றாவது முறையாகச் சட்டை துண்டுதுண்டாக வருகிறது. நாளின் பெரும்பகுதி தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது. (வாசகர், அரூர்)

பதில்: தண்ணீரிலேயே கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு முக்கியமான தடயம். கிண்ணத்துத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள்; அடியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தங்கினால் அவை பாம்பு உண்ணிகள். வெள்ளை டிஷ்யூத் தாளால் பாம்பின் தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் துடைத்துப் பார்த்தும் உறுதி செய்யலாம். இரத்தத்தை உறிஞ்சித் தோலைப் புண்ணாக்கும் இந்த உண்ணிகள் இருக்கும் வரை எவ்வளவு ஈரம் வைத்தாலும் சட்டை சரியாக உரியாது. அரிப்பைத் தாங்க முடியாமல்தான் பாம்பு தண்ணீரில் அடைக்கலம் தேடுகிறது.

தொட்டியில் இருக்கும் பாசி, நார்த்தூள், மரக்கட்டை அனைத்தையும் ஒரு பையில் கட்டி வெளியேற்றிவிட்டு, தொட்டியை வெந்நீரால் கழுவி, மூலை இடுக்குகளையும் மூடியின் பள்ளங்களையும் பிரஷ்ஷால் தேய்த்து உலர்த்துங்கள். உண்ணிகள் முட்டையிடுவது பாம்பின் உடலில் அன்று, இந்த இடுக்குகளில்தான். சில வாரங்களுக்குத் தரையில் செய்தித்தாள் மட்டும் விரித்து அடிக்கடி மாற்றிவந்தால், புதிதாகப் பொரிபவை கண்ணுக்குத் தெரியும். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தையோ வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ எக்காரணம் கொண்டும் பாம்பின் மேலோ தொட்டியிலோ தெளிக்காதீர்கள். உண்ணி சாகும் முன் பாம்பு செத்துவிடலாம். பாம்பின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால் இதில் மருத்துவரைத் தவிர்க்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகிக் கேளுங்கள்; ஊர்வனவற்றைப் பார்க்கும் தனியார் மருத்துவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். கொண்டு செல்லும்போது பாம்பைத் துணிப்பையில் இட்டு வாயைக் கட்டி, அதைத் துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். கடைசியாக உரிந்த சட்டைத் துண்டுகளையும், தட்டில் தங்கிய கறுப்புப் புள்ளிகளை ஒரு சிறு புட்டியிலும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.