ஏற்காட்டுல பழைய பங்களா பார்க்கணும்ங்க!

கேள்வி: சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதறேன்ங்க. பசங்களுக்கு லீவு விட்டாச்சு. எப்ப ஏற்காடு போனாலும் படகு, லேடீஸ் சீட், மிளகா பஜ்ஜின்னு முடிஞ்சிருது. இந்த தடவை வெள்ளைக்காரங்க காலத்து பங்களா, தோட்டம்னு ஏதாவது ஒரே நாள்ல பார்த்துட்டு வர முடியுமா? முட்டி வலியோட அத்தையும் வர்றாங்க.

பதில்: தாராளமா முடியும்ங்க. நீங்க கேக்கற மாதிரி வீடுன்னா கிரேஞ்ச் பங்களாதான், 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கட்டினது, ஏற்காட்டுலயே பழைய கட்டடம்னு சொல்வாங்க. ஆனா அது தனியார் எஸ்டேட்டுங்க, டிக்கெட் கிழிச்சு உள்ள விடற மியூசியம் இல்ல, முன்கூட்டியே கேட்டு அனுமதி கிடைச்சா சரி, இல்லன்னா வெளிய இருந்து ஒரு பார்வை பார்த்துட்டு நகர வேண்டியதுதான்.

அதுக்காக மூஞ்சிய தூக்கி வெச்சுக்காதீங்க, ஏன்னா அந்த மனுஷனோட தோட்டம் காம்பவுண்டுக்குள்ள அடங்கல. இந்த மலைக்கு காபிய கொண்டு வந்ததே அவர்தான். எங்கயாவது வண்டிய ஓரங்கட்டி பசங்கள இறக்கி விடுங்க, சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறி நிக்கும், அது நிழல்ல காபிச்செடி, மார்ச் ஏப்ரல் மழைக்கு பூத்து ஓய்ஞ்சு இப்ப கணுவுக்கு கணு பச்சையா, மிளகு சைஸ்ல காய் ஒட்டிட்டு இருக்கும். பழுக்க நவம்பர் டிசம்பர் ஆயிடும், அதனால கைய வெக்காம பார்க்கச் சொல்லுங்க.

அப்புறம் தாவரவியல் ஆய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டம், பாதி பேர் பக்கத்துலயே போய்ட்டு பார்க்காம வந்துருவாங்க! அங்க குடுவைச் செடின்னு ஒண்ணு இருக்கு, மேகாலயாவுல இருக்கற காசி மலைல இருந்து வந்தது (நம்ம கங்கைக்கரை காசி இல்லீங்க). இலை நுனில மூடி போட்ட சொம்பு மாதிரி தொங்கும், வழுக்கி உள்ள விழுற பூச்சிய அதுவே செரிச்சிரும். பசங்க அந்த இடத்த விட்டு நகர மாட்டாங்க. கவர்மெண்ட் இடம்ங்கறதால வாரநாள்ல போங்க.

அத்தைய ரொம்ப நடக்க விடாதீங்க, ஏரி பக்கத்துல அண்ணா பூங்கால உக்கார வெச்சிருங்க, மே மாசம் மலர் கண்காட்சி நடந்தா உக்காந்த இடத்துலயே பொழுது போயிரும். ஆனா அந்த சமயம் செம கூட்டம், இறங்கற வண்டிகள குப்பனூர் வழியா திருப்பி விடுவாங்க, அதனால விடியக்காலைலயே கிளம்பிருங்க. கொண்டை ஊசி வளைவு 20 இருக்கு, அத்தைக்கு முன் சீட் குடுங்க. தட்டுவடை செட்ட மட்டும் பைக்குள்ளயே வெச்சுக்கங்க, வழில குரங்கு பார்த்துச்சுன்னா உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது.