கழுத்துப் பிடியில் பையன் மயங்கிவிட்டான், கிளாஸை நிறுத்தலாமா?

கேள்வி: என் 14 வயது மகன் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்கிற, தரையில் கட்டிப்புரண்டு பிடி போடும் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொள்கிறான். போன வாரம் ஒரு பெரிய பையன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்ததில் சில விநாடி நினைவு தப்பிவிட்டது. "சும்மா தூங்கிட்டான், இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி கோச் பத்து நிமிடத்தில் மறுபடி மேட்டில், அதாவது பயிற்சி மெத்தையில், இறக்கிவிட்டாராம். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பதில்: ஒரு தடவை, சில விநாடி என்றால் மூளை பாதிக்கப்பட வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பிடி ரியர் நேக்கட் சோக், ஜூடோவில் ஹடாகா ஜிமே. ஒழுங்காகப் போட்டால் மூச்சுக்குழாய் நசுங்காது. முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக வர, மேல்கையும் முன்கையும் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக் குழாய்களை அழுத்தும். மூளைக்கு ரத்தம் குறைந்து சுமார் பத்து விநாடியில் நினைவு போகும், பிடியை விட்டதும் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் திரும்பும். அப்போது கைகால் வெட்டி இழுத்திருந்தாலும் அது வலிப்பு நோய் அல்ல.

ஆனால் ஒன்று. கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்தும் காட்டும். மேட்டில் உருளுகிறவனுக்குக் கழுத்து வலிப்பது வழக்கம், நான் அதைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும், இதுவரை வராத மாதிரி வலி, கூடவே அதே பக்கத் தலைவலி, ஒரு கண் இமை தொங்குவது, பார்வை மங்குவது, வாய் கோணுவது, கை மரத்துப்போவது, பேச்சு குளறுவது, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போய்க் கழுத்தைத் திருப்பச் சொல்லவே சொல்லாதீர்கள். நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "கழுத்தை நெரித்ததில் மயங்கினான்" என்று அப்படியே சொல்லுங்கள். "விளையாடும்போது விழுந்துட்டான்" என்றால் தலைக்கு மட்டும் ஸ்கேன் எடுத்து அனுப்பிவிடுவார்கள், கழுத்துக் குழாயைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. குரல் கம்மினாலும் விழுங்க வலித்தாலும் தொண்டை அடிபட்டிருக்கலாம், அதற்கும் போக வேண்டும். எதுவுமே இல்லை என்றாலும் ஒரு டாக்டர் பார்க்கும்வரை மேட் வேண்டாம்.

எனக்குக் கோபம் அந்த கோச் மேல்தான். சர்வதேச ஜூடோ விதிப்படி, 18 வயதுக்கு உட்பட்ட கேடட் பிரிவில் கழுத்துப் பிடியில் நினைவிழந்தவர் அந்தப் போட்டியிலேயே தொடர முடியாது. பதக்கச் சண்டைக்கே அந்தக் கட்டுப்பாடு, இவர் சாதாரணப் பயிற்சியில் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறார். மல்யுத்தத்தில் நெரிப்பதே தடை. டீக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கிற ஊரில், பிள்ளைகளின் கழுத்தை இறுக்கச் சொல்லித்தரும் ஹாலை எட்டிப்பார்க்க ஒரு அதிகாரியும் வருவதில்லை.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: டேப் அடித்தானா, அதாவது பிடியை விடச் சொல்லிக் கையால் தட்டினானா? அடித்தும் அந்தப் பையன் விடவில்லையா, இல்லை, டேப் அடித்தால் கேலி செய்வார்கள் என்று அடக்கிக்கொண்டானா? எதுவானாலும் தப்பு அந்த ஹாலில் இருக்கிறது.

அப்புறம், இந்த மாதிரி இடங்களில் அடுத்து வருவது பெல்ட் வியாபாரம். 16 வயதுக்கு முன் நீல பெல்ட் கிடையாது, கருப்புக்கு 19 ஆக வேண்டும். ஐபிஜேஜேஎஃப் என்கிற சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் விதி அது. 14 வயதுப் பையனுக்கு "பீஸ் கட்டுங்க, நீலம் தர்றோம்" என்றால் அது கடை. "மாநிலச் சாம்பியன் சர்டிபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்" என்று நடுவில் ஒரு ஏஜென்ட் வந்தால் காசை எடுக்காதீர்கள். அந்த ஆட்டமும் அந்தச் சங்கமும் ஏற்கப்பட்டவைதானா என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் நீங்களே போய்க் கேளுங்கள். ஏமாந்தவர்கள் அட்மிஷன் நாளில்தான் அழுகிறார்கள்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். சிறுவர்களைப் பெரியவர்களோடு மோதவிடாத, டேப் அடித்த நொடியில் பிடியை விடவைக்கிற கோச்சாகத் தேடி மாற்றுங்கள். ஒரு கிளாஸ் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள்.