அணிலை விடுங்கள், சட்டித் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சுக்குப் பஞ்சில் பால் தொட்டுக் கொடுத்து வளர்த்தாள். ஆறு நாட்களுக்கு முன் அது விரலில் கீறிவிட்டது. முந்தநாள் முதல் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்கிறாள். விசர்நோயாக இருக்குமோ என்று இணையத்தில் தேடித் தேடி எனக்கு உறக்கமே இல்லை. மருந்துக்கடையில் தந்த இபுபுரோபன் பாணியைக் கொடுக்கிறேன். பப்பாசி இலைச் சாறும் கொடுக்கலாமா? தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த சித்தப்பாவும் இங்கே காய்ச்சலாகக் கிடந்தவர். இப்போது மூன்று வாரமாகிறது. அவரிடமிருந்து தொற்றியிருக்குமா? பாவம், படுக்கையில் கிடந்தபடியே, குருவிகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியில் நெளியும் மீன்குஞ்சுகளுக்குச் சோறு போடச் சொல்கிறாள். – ஒரு தாய், கரவெட்டி

பதில்: இபுபுரோபனை இப்போதே நிறுத்துங்கள். பிள்ளையை இன்றே மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எனக்குச் சந்தேகம் நுளம்பால் பரவும் டெங்குவில்தான். இன்று காய்ச்சலின் மூன்றாம் நாள். கட்டாயம் குருதிச் சோதனை செய்ய வேண்டிய நாள். மிச்சத்தை வழியில் வாசிக்கலாம்.

விசர்நோய் கீறிய ஆறாம் நாளில் வெளிப்படுவதில்லை. கிருமி நரம்பு வழியே மூளையைச் சென்றடைய வழக்கமாக வாரங்களோ மாதங்களோ ஆகும். சிறு அணிலிடமிருந்து அது மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. கீறலை வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்று அவர் பார்ப்பார். நாயோ பூனையோ கீரியோ வௌவாலோ என்றால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போகச் சொல்லியிருப்பேன். அணிலை விடுங்கள். நள்ளிரவில் கைப்பேசியில் பார்த்த காணொளிகள் உங்களைத் தவறான பக்கம் திருப்பி வைத்ததுதான் எனக்குக் கோபம்.

நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவை மீன்குஞ்சுகளாக இருக்க வழியில்லை. சட்டியருகே குந்தியிருந்து பாருங்கள்: தலை கீழாக, வால் நுனி நீர்மட்டத்தைத் தொட்டபடி தொங்கும். வாலிலுள்ள குழாயால்தான் அது மூச்சு விடுகிறது. உங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும். அதுதான் நுளம்பின் குடம்பி. போட்ட சோறு ஊறிப் பெருகும் நுண்ணுயிர்கள் அதற்கு நல்ல தீனி. ஒரு கிழமை, பத்து நாளில் பறந்துவிடும்.

இந்தச் சட்டியில் பிறந்த நுளம்புதான் அவளைக் கடித்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது. டெங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றாது. சித்தப்பாவுக்கு வந்தது டெங்குவாக இருந்து, அவரைக் கடித்த நுளம்பின் உடலில் கிருமி முதிர 8 முதல் 12 நாட்கள். அது பிள்ளையைக் கடித்துக் காய்ச்சல் எழ இன்னும் 4 முதல் 10 நாட்கள். நீங்கள் சொன்ன மூன்று வாரம் அதற்குள்தான் வருகிறது. மாரி மழையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு கூடும். 2023 கடைசியில் பட்டபாட்டை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அவள் வெள்ளத்திலோ வயல் சேற்றிலோ இறங்கியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சலாலும் உயிர்கள் போயின.

இனிச் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். டெங்குவில் நான் பயப்படுவது காய்ச்சல் விடும் நேரத்துக்குத்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்புச் சூடு இறங்கும். வீடே ஆறுதலாக மூச்சு விடும். அப்போதுதான் சில பிள்ளைகளுக்குக் குருதிக் குழாய்கள் கசியத் தொடங்கி, குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்குகிறது. ஆபத்து 24 முதல் 48 மணித்தியாலம் வரை நிற்கும். விடியப்புறம் காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பத்து மணிக்குக் கைகால் குளிர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்டபின் எழுந்திருந்து சாப்பாடு கேட்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. வயிறு நோகிறது என்று சுருண்டு படுத்தால், வாந்தி நிற்காவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், கையும் காலும் குளிர்ந்தால், பல்முரசில் இரத்தம் கண்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இன்று வைத்தியர் வீட்டுக்கு அனுப்பினாலும் இவற்றில் ஒன்று கண்டால் திரும்பிப் போங்கள், நடு இரவானாலும்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்: உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காய்ச்சல் அடங்கவில்லையே என்று கூட்டிக் கொடுக்காதீர்கள். இபுபுரோபனும் டைக்குளோபெனக்கும் டெங்குவில் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். என்ன காய்ச்சல் என்று கேட்காமல் அதை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பப்பாசி இலைச் சாறு வேண்டாம். அது கசிவை நிறுத்தாது. கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால், அது நோயால் வந்ததா சாற்றால் வந்ததா என்று எங்களுக்கும் தெரியாமல் போகும். கஞ்சி, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), இளநீர் கொடுங்கள். சிவப்பு, கறுப்பு நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாது. வார்ட்டில் வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள், பகலிலும்.

சட்டித் தண்ணீரை வெயில் படும் மணலில் ஊற்றச் சொல்லி, வீட்டிலிருக்கும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் சட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும். உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்த நுளம்பு உவர் நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கேயே கண்டிருக்கிறார்கள். வேலியோரம் கிடக்கும் சிரட்டைகளையும் இளநீர்க் கோம்பைகளையும் இன்றே அகற்றச் சொல்லுங்கள்.

குருவிக்குத் தண்ணீர் வைப்பதை நிறுத்த வேண்டாம். நாளாந்தம் காலையில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டால் எந்தக் கெடுதலும் இல்லை. பிள்ளையிடம் “நீ வைத்த தண்ணீரால்தான் உனக்கு வருத்தம்” என்று ஒருவரும் சொல்லக்கூடாது. சுகமாகி வந்ததும் கிணற்றடித் தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விட்டுக் கொடுங்கள். அவை மெய்யான மீன்கள், குடம்பிகளைத் தின்னும், அவள் ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

குருதிச் சோதனை முடிவு என்ன என்று இன்று இரவே எனக்கு எழுதுங்கள்.