பழுப்புக் குள்ளன்கள்: அகச்சிவப்பில் தேடுவோருக்குக் கேள்வி பதில்

கே: வைஸ் (வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்த விண்வெளித் தொலைநோக்கி) படத்தில் செக்கச்சிவந்த புள்ளி ஒன்று. பழுப்புக் குள்ளனா?

ப: நட்சத்திரமாக எரியப் போதிய நிறை இல்லாத பொருளே பழுப்புக் குள்ளன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த குள்ளனின் மீத்தேன் 3.3 மைக்ரானை ஒட்டிய ஒளியை விழுங்கிவிடும். அதனால் வைஸின் டபிள்யூ1 அலைநீளப் பட்டையில் (3.4 மைக்ரான்) மங்கியும் டபிள்யூ2இல் (4.6) பளிச்சென்றும் தெரியும். தூசு மூடிய கேலக்ஸிகளும் முதிய நட்சத்திரங்களும் சிவப்புதான், ஆனால் அவை நகராது. 2010 படத்தையும் பத்தாண்டு பிந்திய படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். வைஸ் பிக்சல் 2.75 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600 ஆர்க்செகண்ட்), ஆண்டுக்கு 0.3 நகர்ந்தால் பத்தாண்டில் ஒரு பிக்சல் தேறும்.

கே: ஐஆர் ஃபில்டரைக் கழற்றிய கேமராவில் பிடிக்கலாமா?

ப: குளிர்ந்த குள்ளனைப் பிடிக்க முடியாது. கேமரா சென்சாரின் சிலிக்கான் 1.1 மைக்ரானோடு நின்றுவிடும்.

கே: வீன் விதிப்படி 250 கெல்வின் பொருளின் ஒளி உச்சம் 11.6 மைக்ரான். அப்படியானால் டபிள்யூ3 (12) அல்லவா சிறந்தது?

ப: கரும்பொருளாக (வெப்பநிலை ஒன்றை மட்டும் பொறுத்து எல்லா அலைநீளத்திலும் ஒளிரும் பொருளாக) இருந்தால் சரி. குள்ளனின் வளிமண்டலத்தில் நீராவியும் மீத்தேனும் அமோனியாவும் பல அலைநீளங்களை அடைத்துவிடுகின்றன. 4.5 முதல் 5 மைக்ரான் வரை அடைப்பு குறைவு. அடியிலுள்ள சூடான அடுக்குகளின் ஒளி அவ்வழியே கசிகிறது. வியாழனும் 5 மைக்ரானில் இப்படித்தான் ஒளிர்கிறது. 2014இல் வானியலாளர் கெவின் லூமன் அறிவித்த வைஸ் 0855−0714 என்ற குளிர்ந்த குள்ளன், சுமார் 7.4 ஒளியாண்டில் இருந்தும், டபிள்யூ2 வழியேதான் சிக்கியது. ஆண்டுக்கு 8 ஆர்க்செகண்ட் ஓடுகிறது.

கே (அதே அன்பர்): கரும்பொருள் இல்லையென்றால், 250 கெல்வின் என்ற எண்ணுக்கே பொருள் இல்லையே!

ப: இருக்கிறது. அது ஒரு பட்டையின் பிரகாசத்தைக் கொண்டு சொல்லும் எண் அல்ல. இடமாறு தோற்றத்தால் (பூமி சூரியனைச் சுற்றுவதால் தெரியும் சிறு இடமாற்றத்தால்) தூரம் கிடைக்கும்; எல்லா அலைநீள ஆற்றலையும் கூட்டினால் மொத்த ஒளிர்வு. நிறை எதுவானாலும் முதிர்ந்த குள்ளனின் ஆரம் ஏறத்தாழ வியாழன் அளவுதான். ஒளிர்வும் ஆரமும் சேர்ந்து வெப்பநிலையைத் தருகின்றன. ஆரத்தில் 10 சதவீதம் பிழைத்தாலும் வெப்பநிலையில் 5 சதவீதமே பிழைக்கும். உங்கள் சந்தேகம் நிறையைப் பற்றியதாக இருந்தால் முழுக்க ஒப்புக்கொள்வேன்: இளைய, எடை குறைந்த குள்ளனும் முதிய, கனமான குள்ளனும் ஒரே வெப்பநிலையில் இருக்கலாம். சுற்றிவரும் துணைப் பொருள் இருந்தால் அதன் சுற்றுப்பாதையிலிருந்து நிறையை நேராகப் பெறலாம்.

கே: தரைத் தொலைநோக்கியில் எடுத்த ஹெச் பட்டைப் (1.6 மைக்ரானை ஒட்டியது) படத்தில் பின்னணி திட்டுத்திட்டாக இருக்கிறது.

ப: மேல் வளிமண்டலத்து ஹைட்ராக்சில் மூலக்கூறுகளால் வரும் வான ஒளிர்வு சில நிமிடங்களிலேயே மாறும். நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். குறுகிய படங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொலைநோக்கியைச் சில ஆர்க்செகண்ட் நகர்த்துங்கள். அடுத்தடுத்த படங்களின் மீடியனே (நடுமதிப்பே) உங்கள் வானம், அதைக் கழியுங்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படத்தின் வானத்தைக் கழித்தால் திட்டுதான் மிஞ்சும்.

கே: எனக்கும் ஒரு சிவப்புப் புள்ளி...

ப: முதல் பதிலைப் படியுங்கள். நகர்கிறதா? பிரகாசமான நட்சத்திரத்தின் கதிர்க்கோட்டில் (தொலைநோக்கியால் உண்டாகும் ஒளிக்கோட்டில்) உட்கார்ந்திருக்கிறதா? வான்பொருள்களின் இணையப் பட்டியலான சிம்பாடில் தேடினீர்களா? மூன்றுக்கும் விடையோடு வானில் அதன் இடத்தைக் காட்டும் ஆயங்களை எழுதுங்கள், பார்க்கிறேன்.