பூவார் ரிசார்ட்டுக்கு எந்த வண்டி?

இரவு 8 மணிக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி, வயதான அம்மாவோடும் மூன்று பெட்டியோடும் பூவார் ரிசார்ட்டுக்குப் போக பஸ்ஸா, டாக்ஸியா, ஹோட்டல் காரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் களியக்காவிளைக்காரன், அடிக்கடி போகிற வழிதான்.

பஸ்ஸை விடுங்கள். நகருக்குள் போய் மாறி ஏற வேண்டும், அம்மாவுக்குச் சிரமம்.

வண்டியைவிடப் பெரிய விஷயம் படகு. பூவாரில் பல ரிசார்ட்டுகள் காயலுக்கு அக்கரையில் இருக்கின்றன. கார் படகுத்துறை வரைதான் போகும். உங்களுடையது அக்கரையா, எந்தத் துறை, இரவில் எத்தனை மணி வரை படகு வரும் என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள். அக்கரை என்றால், காசு கொஞ்சம் கூடினாலும் ஹோட்டல் காரே நல்லது. விமானம் தாமதமானால் படகைக் காத்திருக்க வைப்பது அவர்கள் பொறுப்பு.

இக்கரை என்றால் ப்ரீபெய்ட் டாக்ஸி போதும். சுமார் 30 கிலோமீட்டர், கோவளம் வரை பைபாஸ். திருவல்லத்தில் டோல் உண்டு. வாடகையில் அதுவும் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், டிக்கெட்டில் டெர்மினலைப் பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள். ஒன்று சங்குமுகம் பக்கம், மற்றது ஓடுபாதைக்கு மறுபக்கம் சாக்கையில். என் மாமா ஒருமுறை ஒன்றில் நிற்க, வண்டி மற்றதில் நின்றது!