டிரிமுக்குப் பின்னால் சப்வூஃபர்: கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: என் ஹேட்ச்பேக் காரின் டிக்கியில், பக்கவாட்டு பிளாஸ்டிக் டிரிமுக்குப் (உட்புற மூடிக்கு) பின்னால் நிறைய இடம் காலியாக இருக்கிறது. அங்கே 8 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்தலாமா? பெட்டியே வேண்டாம், டிக்கியில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: பொருத்தலாம். அவர் சொல்கிற விதத்தில் மட்டும் வேண்டாம்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் பாஸ் காணாமல் போய்விடும். அதைப் பிரித்து வைக்கத்தான் காற்றுப் புகாத பெட்டி. டிரிமில் ஓட்டை போட்டு வெறுமனே மாட்டினால் பிளாஸ்டிக் தடதடப்பதுதான் மிச்சம்.

"பெட்டி இல்லாமல் எத்தனை கார் செய்திருக்கிறேன்" என்பார். அது செடானாக இருந்திருக்கும். செடானில் பின்சீட்டும் அதற்குப் பின்னுள்ள பலகையும் டிக்கியைத் தனியே அடைத்துவிடுவதால் டிக்கியே பெட்டியாகிறது. அதற்கும், பெட்டியில்லாமல் ஓடுவதற்கென்றே செய்த ஸ்பீக்கர் வேண்டும். அதைக் கனமான பலகையில் இறுக்க வேண்டும். டிக்கிக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள சந்துகளை எல்லாம் அடைக்க வேண்டும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் உட்புறமும் ஒரே அறை. அந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது.

சரி, அந்தக் "காலி" இடத்துக்கு வருவோம். கட் செய்வதற்கு முன் டிரிமை முழுதாகக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். சீட் பெல்ட் சுருள், பெட்ரோல் குழாய் எல்லாம் அங்கே இருக்கலாம். பம்பர் பக்கம் ரப்பர் மடல்கள் கொண்ட ஒரு சின்ன ஜன்னலும் இருக்கலாம். கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. பெட்டி அதை மறைத்தால் கதவு சாத்த முரண்டு பிடிக்கும், கண்ணாடியில் ஆவி படியும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். டெஸ்டரை வைத்துக் குத்த விடாதீர்கள்.

சாக்கெட் யோசனையை மறந்துவிடுங்கள். அது பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர்தான் தாங்கும். சப்வூஃபரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 300 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி 300 வாட் என்றால், முழுச் சத்தத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் போனதும் "பெரிய ஃபியூஸ் போட்டுடலாம்" என்பார்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. பெரிதாக்கினால் டிரிமுக்குள் வயர்தான் எரியும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வையுங்கள்.

அந்த வயரிலும் ஏமாற்று உண்டு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதே தடிமனில் கரண்டைக் குறைவாகவே தாங்கும். ஆம்ப் வரும் அட்டைப்பெட்டியில் "2000 வாட்" என்று அச்சடிக்கிறவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை. நீங்களாவது ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.