பதில்: அப்பாவுக்குப் பார்க்கின்சன், இப்போது கணக்கும் தடுமாறுகிறது

ஆறு வருடமாகப் பார்க்கின்சன் உள்ள அப்பா, கேட்டதற்கு அரை நிமிடம் கழித்துத்தான் பதில் சொல்கிறார், மளிகைக் கணக்கு வரவில்லை, இது அல்சைமரா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பார்க்கின்சனே இதைச் செய்யும். மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும்போது மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளுக்கும் முன்பகுதிக்கும் இடையிலான தொடர்பு மந்தமாகிறது. அதனால் திட்டமிடுவதும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும்தான் பெரும்பாலும் முதலில் அடிபடும். அல்சைமரில் புது விஷயம் மனத்தில் பதிவதே சிரமம். பார்க்கின்சனில் பெரும்பாலும் பதிந்திருக்கும், எடுக்கத்தான் நேரமாகும். பார்க்கின்சன் உள்ள என் மாமியாருக்கு முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால் போதும், பெயர் வந்துவிடும். நாங்கள்தான் பொறுமையில்லாமல் பதிலையே சொல்லிவிடுவோம்!

அப்புறம், மருந்துச் சீட்டில் டிரைஹெக்சிஃபெனிடில் இருக்கிறதா பாருங்கள். நடுக்கத்துக்குத் தருவது; வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் இல்லாத ஆட்கள் தெரிவதாக அவர் சொன்னால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு வேறு யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை எழுதினால், பார்க்கின்சன் இருப்பதை உடனே சொல்லிவிடுங்கள், அந்த மருந்தால் உடல் இன்னும் இறுகிப்போகும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.